ஸ்காலர்ஷிப் சீட்டைப் பார்த்துத்தான் வரும், ஏஜெண்ட்டைப் பார்த்து வராது

முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, நான் பீடி சுத்துகிறேன். வீட்டுக்காரர் கூலி வேலை. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, இப்போது ரிசல்ட்டும் வந்துவிட்டது. இன்ஜினியரிங் படிக்க ஆசைப்படுகிறாள். மகன் டிப்ளமோ முடித்துச் சென்னையில் இருக்கிறான். ஒருவர் வீட்டுக்கே வந்து, 'கவுன்சிலிங் எல்லாம் எதற்கு, மேனேஜ்மெண்ட் சீட்டு பிடித்து ஃபுல் ஸ்காலர்ஷிப்பும் வாங்கித் தருகிறேன், 10,000 ரூபாயும் ஒரிஜினல் மார்க்‌ஷீட், டி.சி.யும் கொடுங்கள்' என்கிறார். பையன் டிப்ளமோ படித்ததால் முதல் பட்டதாரி சலுகையும் கிடையாதாம். கொடுக்கலாமா? எங்களுக்கு என்ன உதவிதான் கிடைக்கும்?"

கொடுக்காதீர்கள், தங்கச்சி. பணத்தையும் கொடுக்காதீர்கள், அதைவிட முக்கியமாக ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். கல்லூரியில் ஸ்காலர்ஷிப் பிரிவில் வருஷக்கணக்கில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த மே, ஜூன் மாதங்களில் பிளஸ் டூ பிள்ளை இருக்கிற வீடுகளைத் தேடி வருகிறவர் யாரும் உங்கள் மகளுக்காக வருவதில்லை. ஒரு தலைக்கு இவ்வளவு என்று கல்லூரி தரும் கமிஷனுக்காக வருகிறார். உங்கள் போன் நம்பரும் மகளின் மார்க்கும் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

அவர் சொன்னதில் முதல் பொய், மேனேஜ்மெண்ட் சீட்டில் சேர்த்து ஸ்காலர்ஷிப் வாங்கித் தருவது. அரசாங்கம் தருகிற பெரிய சலுகைகள் முக்கால்வாசியும் பிள்ளை எந்த வழியில் சீட்டு வாங்கினாள் என்பதைப் பார்த்துத்தான் வரும். முதல் பட்டதாரி சலுகை பொறியியலில் கவுன்சிலிங் வழியாக வந்தவர்களுக்கு மட்டும். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்குப் பத்தாவதுக்கு மேல் படிக்கத் தரும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை விதியும் மேனேஜ்மெண்ட் சீட்டை ஒதுக்கிவிடுகிறது. ஒருவேளை அந்த ஆள் பெங்களூர், ஆந்திரா என்று வெளி மாநிலக் கல்லூரி எதையாவது காட்டினால், தமிழ்நாட்டு அரசின் திட்டங்களையும் சேர்த்து மறந்துவிட வேண்டியதுதான். 'எங்க ட்ரஸ்ட் கட்டும்' என்பார்கள். முதல் வருஷம் ஏதோ கழித்துக் காட்டுவார்கள், இரண்டாம் வருஷம் ட்ரஸ்ட்டும் இருக்காது, அந்த ஆளின் நம்பரும் இருக்காது. அப்போது பாதியில் விட்டுவிட்டு வரவும் முடியாது, கட்டவும் முடியாது.

கணக்காகவே பார்த்துவிடுவோம். கட்டண நிர்ணயக் குழு 2017இல் வைத்த கணக்கை எடுத்துக்கொண்டால், தரச்சான்று பெற்ற படிப்புக்குத் தனியார் கல்லூரியில் கவுன்சிலிங் சீட்டுக்கு வருஷத்துக்கு 55,000 ரூபாய், அதே பெஞ்சில் உட்காரும் மேனேஜ்மெண்ட் சீட்டுக்கு 87,000. கவுன்சிலிங் சீட்டில் முதல் பட்டதாரி சலுகை 25,000 கழிந்தால் நீங்கள் கட்ட வேண்டியது 30,000. மேனேஜ்மெண்டில் கழிவதற்கு ஒன்றும் இல்லை. பஸ், ஹாஸ்டல் இரண்டுக்கும் தனி. மார்க் இருந்தால் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியும் அண்ணா பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகமும் இதே கவுன்சிலிங்கில்தான் இருக்கின்றன, அங்கே செலவு இன்னும் குறைவு. வீட்டிலிருந்தே போய் வரலாம்.

மகன் டிப்ளமோ படித்ததால் முதல் பட்டதாரி கிடையாது என்றதும் பொய். டிப்ளமோ பட்டம் ஆகாது. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள் என்று குடும்பத்தில் யாரும் டிகிரி முடித்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். இ-சேவை மையத்தில் 60 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. பார்த்து தாலுகா ஆபீஸிலிருந்து டிஜிட்டல் கையெழுத்தோடு வரும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சான்றிதழ் கையில் இருந்தால் போதாது, கவுன்சிலிங் விண்ணப்பத்திலேயே 'முதல் பட்டதாரி சலுகை வேண்டும்' என்று குறித்து, சான்றிதழையும் உறுதிமொழிப் படிவத்தையும் ஏற்ற வேண்டும். சான்றிதழை பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டு, விண்ணப்பத்தில் 'இல்லை' என்று அழுத்திய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் உதவி பெறும் பள்ளி விஷயம். இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் மாவட்டத்தில்தான் இந்தக் குழப்பம் ரொம்ப அதிகம். பாளையங்கோட்டையைச் சுற்றி நூறு வருஷம் தாண்டிய பள்ளிகள் பலவும் அரசு உதவி பெறுபவை. சம்பளம் அரசாங்கம் கொடுக்கிறது, சத்துணவு உண்டு, பஸ் பாஸ் உண்டு, அதனால் பிள்ளைகளும் பெற்றோரும் அதை கவர்மெண்ட் ஸ்கூல் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். ஆனால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் அது கவர்மெண்ட் ஸ்கூல் இல்லை. அந்த ஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. அதில் சீட்டு கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் எல்லாமே அரசு கட்டும். கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை ஓசியில் படித்துவிட்டு ஒன்பதாவதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்குக்கூட அதில் இடம் உண்டு. ஆறாவதிலிருந்து உதவி பெறும் பள்ளியில் படித்த உங்கள் மகளுக்கு இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்ததே என்று விண்ணப்பத்தில் 'அரசுப் பள்ளி' என்று குறித்துவிடாதீர்கள். சரிபார்ப்பில் எமிஸ் பதிவை, அதாவது பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவைப் பார்ப்பார்கள், அங்கே மாட்டும், பிறகு கவுன்சிலிங் சேவை மையத்துக்கும் பள்ளிக்கும் அலைச்சல்தான்.

ஆனால் புதுமைப்பெண் திட்டத்தில் கதை வேறு. 2022இல் அது தொடங்கியபோது அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும்தான். 2024-25 கல்வியாண்டிலிருந்து உதவி பெறும் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்துவிட்டார்கள். எனவே உங்கள் மகளுக்கு மாதம் 1,000 ரூபாய் படிப்பு முடிகிற வரை உண்டு. அதே பள்ளியில், அதே வராண்டாவில், அடுத்த அறையில் ஆங்கில வழியில் படித்த பிள்ளைக்குக் கிடையாது. இதில் என்ன நியாயம் என்று என்னைக் கேட்டால் எனக்கும் கோபம்தான் வரும். ஏழை வீட்டுப் பிள்ளை இங்கிலீஷ் மீடியம் செக்‌ஷனில் உட்கார்ந்ததால் பணக்காரி ஆகிவிட்டாளா? விதி அப்படி இருக்கிறது, மாற்றுகிற வரை அதன்படிதான் போக வேண்டும். பையன்களுக்கு இதே மாதிரி தமிழ்ப் புதல்வன் என்று 2024 ஆகஸ்டில் வந்தது. இரண்டுக்கும் வெளியே யாரும் விண்ணப்பம் போட்டுத் தர முடியாது. கல்லூரியில் சேர்ந்த பிறகு அங்கே அதற்கென்று இருக்கும் பொறுப்பு ஆசிரியர், கல்லூரி மாணவர் விவரங்களைப் பதியும் யூமிஸ் என்ற அரசுத் தளம் வழியாக அனுப்புவார். பிரவுசிங் சென்டரில் 'புதுமைப்பெண்ணுக்கு அப்ளை பண்ணித் தருகிறேன், 300 கொடு' என்றால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். வேறு ஸ்காலர்ஷிப் வாங்கினாலும் இது நிற்காது.

உங்களைப் போன்றவர்களிடம் யாருமே சொல்லாத ஒன்று, பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் நலத்துறை தருகிற உதவித்தொகை. சாதாரண டிகிரிக்கு வருஷம் 6,000, பொறியியல் போன்ற தொழிற்படிப்புக்கு 25,000. முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் என்று மடியில் சுளவை வைத்து இலை நறுக்குகிற வீடுகள் எத்தனை இருக்கின்றன, அதில் இந்தத் தொகை இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? தேசிய ஸ்காலர்ஷிப் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் பெயரில் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்க வேண்டும். இங்கேதான் சிக்கல் வரும். பல பெண்கள் மாமியார் பாஸிலோ அக்கா பாஸிலோ (கடையில் பீடிக் கணக்கு எழுதும் புத்தகம்) சுத்திப் போடுகிறார்கள். உழைப்பு உங்களுடையது, கடைக் கணக்கில் பெயர் இன்னொருவருடையது. அப்படியானால் பிள்ளைக்கு ஒரு ரூபாய் வராது. உங்கள் பாஸ் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள். அட்டை இல்லையென்றால் எப்படி வாங்குவது என்று முக்கூடலில் இருக்கும் பீடித் தொழிலாளர் மருத்துவமனையிலேயே விசாரிக்கலாம்.

அதே தளத்தில் பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தவர்களுக்கான மத்திய அரசுத் திட்டம் ஒன்றும் இருக்கிறது, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள், வருஷம் 12,000. ஒரு பிள்ளைக்கு ஒன்றுதான் போட விடுவார்கள். மகள் இன்ஜினியரிங் போனால் பீடித் திட்டத்தையே போடுங்கள், 25,000 பெரிது. போட்ட பிறகு போனை அவ்வப்போது பாருங்கள். ஏதாவது குறை என்று திருப்பி அனுப்பினால் கெடுவுக்குள் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும், யாரும் வீட்டுக்கு வந்து சொல்ல மாட்டார்கள்.

பணம் அனுமதியாகியும் கைக்கு வராமல் போகிற இடம் ஒன்று உண்டு, பேங்க். 'ஆதார் லிங்க் பண்ணியாச்சே' என்பீர்கள். கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவதும், அரசுப் பணம் இந்தக் கணக்குக்குத்தான் வர வேண்டும் என்று அந்த ஆதாரைப் பிணைப்பதும் வேறு வேறு வேலை. ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு பிணைக்கப்பட்டதோ அங்கேதான் பணம் போகும். சிம் கார்டு வாங்கும்போது கைரேகை வைத்து ஏதோ பேமெண்ட் பேங்க் கணக்கைத் தொடங்கிவிட்டிருப்பார்கள், பணம் அங்கே போய் உட்கார்ந்திருக்கும், பிள்ளைக்கே தெரியாது. ஆதார் இணையதளத்தில் மகளின் எண்ணைப் போட்டால் எந்த பேங்க் என்று காட்டும். இன்னொன்று, பள்ளியில் படிக்கும்போது தொடங்கிய மைனர் கணக்கு 18 வயதானதும் புதிதாக கே.ஒய்.சி. கொடுக்கிற வரை முடங்கிவிடும். இனிஷியல் ஆதாரில் முன்னாலும் மார்க்‌ஷீட்டில் பின்னாலும் இருந்தால் அதையும் இப்போதே சரிசெய்துவிடுங்கள்.

இவ்வளவு சான்றிதழும் எமிஸில், யூமிஸில், தாலுகா ஆபீஸில் எல்லாம் அரசாங்கத்திடமே இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு துறைக்கும் வருமானச் சான்றை மறுபடி எடு, ஜெராக்ஸ் போடு, ஏற்று என்று நாள் கூலிக்காரரை அலையவிடுகிறார்கள். அவர் ஒரு நாள் தாலுகா ஆபீஸ் போனால் அன்றைய கூலி போச்சு. கல்லூரி ஜூலையில் ஃபீஸ் கேட்கிறது, ஸ்காலர்ஷிப் பல மாதம் கழித்து வருகிறது, நடுவில் அந்தக் குடும்பம் வட்டிக்கு வாங்குகிறது. இந்த இடைவெளியில்தான் ஏஜெண்ட் பிழைக்கிறார். அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

ஆகவே கந்துவட்டிக்கு முன் கல்விக் கடனைப் பாருங்கள். 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது. டெபாசிட் போட்டால்தான் கடன் என்று மேனேஜர் சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள், பெரும்பாலும் பேச்சு மாறும். அதற்கும் கவுன்சிலிங் சேர்க்கைக் கடிதம் இருந்தால் வேலை சுலபம்.

கவுன்சிலிங்கிலும் ஒரு பொறி இருக்கிறது. விண்ணப்பத்தை நிரப்பித் தருகிறேன் என்று பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் வாங்கிக்கொண்டு, விருப்பப் பட்டியலில் தனக்குக் கமிஷன் தரும் கல்லூரியை முதல் இடத்தில் போட்டு லாக் பண்ணிவிடுவார்கள். முதலில் இருப்பது கிடைத்துவிட்டால் கீழே எழுதிய நல்ல கல்லூரிக்குக் கணினி போகவே போகாது. பிள்ளையின் போனில், பிள்ளையின் கையால், வீட்டில் உட்கார்ந்து போடட்டும். தெரியாவிட்டால் அரசு வைத்திருக்கும் சேவை மையத்துக்குப் போங்கள், அங்கே காசு கேட்க மாட்டார்கள். பதிவுக் கட்டணம் 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 250. அதற்கு மேல் யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

கடிதம் எழுதிய பிறகு டி.சி.யையோ மார்க்‌ஷீட்டையோ அந்த ஆளிடம் கொடுத்திருந்தால் உடனே திருப்பிக் கேளுங்கள். அசலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018லேயே கல்லூரிகளுக்கு உத்தரவு போட்டிருக்கிறது, கல்லூரிக்கே இல்லாத உரிமை தரகருக்கு எங்கிருந்து வரும்? 'முன்பணத்தைக் கழித்துக்கொள்கிறோம், நாளைக்கு வா' என்று இழுத்தால் ஒரு நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டாம். காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். அதோடு திங்கள்கிழமை காலையில் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போய், ஆளின் பெயர், போன் நம்பர், கொடுத்த தேதி எல்லாம் எழுதி மனு கொடுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள், கவுன்சிலிங் சரிபார்ப்பில் அசல் எங்கே என்று கேட்டால் அதைக் காட்ட வேண்டியிருக்கும்.