மணற்பாங்கான நிலத்துப் பருத்திக்கு எப்போது தண்ணீர் கட்டுவது?

கேள்வி: திண்டுக்கல் பகுதியில் மணற்பாங்கான செம்மண்ணில் மாசிப்பட்டப் பருத்தி போட்டிருக்கிறேன். போர்வெல் தண்ணீர், பார் பாசனம். கரிசலில் என் உறவினர் செய்வதுபோல 12 நாளுக்கு ஒருமுறை நிறையத் தண்ணீர் கட்டுகிறேன். சப்பையும் (பூ மொட்டு) பூவும் உதிர்கின்றன. நாள் கணக்கு, இலை வாட்டம், ஆவியாதல் கணக்கு, மண்ணின் ஈர நிலையைக் காட்டும் டென்சியோமீட்டர் ஆகியவற்றில் எதை நம்புவது?

பதில்: முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் மண் எவ்வளவு நீரைப் பிடித்து வைக்கும் என்று பாருங்கள். இத்தகைய மண் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 80 மி.மீ. நீரைத்தான் பயிருக்குத் தரும். கரிசல் அதைப்போல் இரு மடங்குக்கு மேல் தரும். வேர் 60 செ.மீ. இறங்கியிருந்தால் உங்கள் கையிருப்பு 48 மி.மீ. அதில் பாதி தீர்வதற்குள் அடுத்த தண்ணீர் போக வேண்டும். ஆக, ஒரு பாய்ச்சலுக்கு 24 மி.மீ. போதும். அதற்கு மேல் விடுவது யூரியாவையும் அடித்துக்கொண்டு வேருக்குக் கீழே போய்விடும்.

ஏக்கருக்கு இது ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர். 200 லிட்டர் டிரம் ஒன்றை மோட்டார் தண்ணீரால் நிரப்பிப் பாருங்கள். 72 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 10,000 லிட்டர். ஏக்கருக்குப் பத்து மணி நேரம். வாய்க்கால் சேதாரத்துக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். பார்களின் நீளத்தையும் குறையுங்கள். மணலில் நீண்ட பாரின் தலைமாடு மூழ்கிக் கிடக்க, கடைமாடு காயும்.

இனி முறைகளுக்கு வருவோம். நாள் கணக்கு உங்களுக்கு உதவாது. சித்திரை வெயிலுக்கும் மேகமூட்டத்துக்கும் ஒரே இடைவெளி எப்படிப் பொருந்தும்? இலை வாடுவதைப் பார்த்து மோட்டார் போடுவது அதைவிட ஆபத்து. மணலில் ஈரம் சட்டென்று தீரும். இலை தொங்கும்போது சப்பை உதிர்வது ஏற்கெனவே தொடங்கியிருக்கும்.

ஆவியாதல் கணக்கு நல்ல அடித்தளம். பாய்ச்சும் நீரின் ஆழத்தை, முந்தைய பாய்ச்சலுக்குப் பின் ஆவிமானியில் (நீர் ஆவியாவதை அளக்கும் திறந்த தொட்டி) ஆவியான மொத்த நீரால் வகுக்கும் விகிதம் இது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பருத்திக்கு வளர்ச்சிப் பருவத்தில் 0.40, பூ, காய்ப் பருவத்தில் 0.60 என்று பரிந்துரைக்கிறது. ஒரு பாய்ச்சலுக்கு 50 மி.மீ. என்று வைத்தால் 0.60 விகிதத்தில் 83 மி.மீ. ஆவியாகும்வரை காத்திருக்க வேண்டும். நாளுக்கு 7 மி.மீ. ஆவியாகும் கோடையில் அது 12 நாள். உங்கள் உறவினரின் கரிசல் அதைத் தாங்கும். உங்கள் மணல் தாங்காது. 25 மி.மீ. என்று மாற்றினால் ஆறு நாள். பூ உச்சத்தில் நான் 0.80 வரை போகச் சொல்வேன்; அப்போது நான்கைந்து நாளுக்கு ஒரு தண்ணீர்.

கணக்கைச் சரிபார்க்க டென்சியோமீட்டர் வேண்டும். மண் நீரை எவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறது என்பதை அது சென்டிபார் என்ற அலகில் காட்டும்; எண் ஏற ஏற மண் காய்கிறது என்று பொருள். அதன் அளவெல்லை ஏறத்தாழ 80 சென்டிபார்தான் என்றாலும் மணலுக்கு அது குறையே அல்ல, பயிர் எடுக்கும் நீரில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். மண் ஈரத்தை அளக்கும் இன்னொரு கருவியான ஜிப்சம் கட்டி இந்த ஈர நிலையில் மந்தமாகவே காட்டும், வாங்க வேண்டாம். செடி வரிசையில் 20 செ.மீ. ஆழத்தில் ஒன்று, 45 செ.மீ. ஆழத்தில் ஒன்று பதியுங்கள். பீங்கான் முனையைச் சுற்றி மண் குழம்பு ஊற்றி இடைவெளியை அடையுங்கள். மணல் முனையோடு ஒட்டாவிட்டால் அளவு தவறும். மேலது 25 முதல் 30 சென்டிபார் காட்டினால் பாய்ச்சுங்கள். கீழது ஒவ்வொரு பாய்ச்சலுக்குப் பிறகும் 10-க்குக் கீழே விழுந்தால் தண்ணீர் அதிகம். மோட்டார் நேரத்தைக் குறையுங்கள்.

கருவி வாங்க இயலாவிட்டால் மண்வெட்டி இருக்கிறது. ஒரு சாண் ஆழத்து மண்ணைப் பிடித்து அழுத்துங்கள். லேசான உருண்டையாக நின்று, விரலில் ஈர மணல் ஒட்டினால் பொறுக்கலாம். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் அன்றே தண்ணீர் கட்டுங்கள்.

சொட்டுநீருக்கு மாறும் எண்ணமிருந்தால் மணலுக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், ஆவியான அளவைப் பார்த்து விடலாம். மணலில் ஈரம் பக்கவாட்டில் அதிகம் பரவாது என்பதால் சொட்டுவான்களை 30 முதல் 40 செ.மீ. இடைவெளியில் கேளுங்கள். அதுவரை யூரியாவைப் பல தவணையாகப் பிரித்துப் போட்டு, போட்ட அன்று 24 மி.மீ. அளவைத் தாண்டாமல் பாய்ச்சுங்கள்.