டெபாசிட் கார்டிலிருந்து அடுத்த கார்டுக்கு எப்போது மாறலாம்?

வாசகர் கேள்வி – பணமும் வங்கியும்

கேள்வி: ஐயா, பல்லடம் அருகே எட்டு மெஷின் வைத்துப் பவர்டேபிள் (கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துத் தரும் சிறு தையற்கூடம்) நடத்துகிறேன். 2020-இல் கம்பெனிகள் மூடிக் கிடந்தபோது கிரெடிட் கார்டு பாக்கி 68,000 ரூபாயைக் கட்ட முடியவில்லை. அடுத்த ஆண்டு வங்கியுடன் பேசி 41,000 ரூபாயில் செட்டில்மென்ட் முடித்துக்கொண்டேன். அதன் பிறகு எங்கே கடன் கேட்டாலும் ‘சிபில் சரியில்லை’ என்றே சொன்னார்கள். 14 மாதங்களுக்கு முன்பு வேறொரு வங்கியில் 40,000 ரூபாய் டெபாசிட் போட்டு, அதன் பேரில் 32,000 ரூபாய் லிமிட் உள்ள கார்டு வாங்கினேன். நூல், ஊசி, கரண்ட் பில் என்று மாதம் 26,000 ரூபாய் வரை அதில்தான் செலவு செய்கிறேன். ஒரு தவணையும் தவறியதில்லை. ஜாப் ஒர்க் பணம் வராத இரண்டு மாதங்களில் மட்டும் குறைந்தபட்சத் தொகை கட்டினேன். 612 ஆக இருந்த கடன் ஸ்கோர் இப்போது 704. டெபாசிட் இல்லாத கார்டாக மாற்றித் தருவதாக அதே வங்கியில் சொல்கிறார்கள்; ஆண்டுக் கட்டணம் 999 ரூபாய். வேறு இரண்டு வங்கிகளின் ஏஜென்டுகளும் விண்ணப்பம் போடச் சொல்கிறார்கள். அடுத்த ஆண்டு இரண்டு ஓவர்லாக் மெஷினுக்குக் கடன் கேட்க வேண்டும். இந்தக் கார்டை மூடி, டெபாசிட்டை எடுத்துக்கொண்டு, புதிய கார்டுக்குப் போகலாமா?
– பல்லடம் வாசகர்

பதில்: மாறலாம், ஆனால் இருக்கும் கார்டை முதலில் மூடிவிட்டு மாறக் கூடாது. மாறுவதால் கைக்குத் திரும்பும் 40,000 ரூபாயை எதற்குச் செலவிடப் போகிறீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது கார்டைவிட எனக்கு உறுத்தலாகப் பட்டது, 2021-இல் நீங்கள் முடித்த அந்த செட்டில்மென்ட்தான். கடன் தீர்ந்துவிட்டது என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். உங்கள் கடன் வரலாற்றைச் சொல்லும், வங்கிகள் படிக்கும் அறிக்கையிலோ, 27,000 ரூபாயை விட்டுக்கொடுத்துக் கணக்கை முடித்தார்கள் என்ற பொருளில் ‘செட்டில்டு’ என்ற ஒரே சொல் நிற்கிறது. மெஷின் கடனுக்குப் போகும்போது வங்கி மேலாளர் 704 என்ற எண்ணைப் பார்த்த பிறகு அடுத்துப் பார்ப்பது அந்தச் சொல்லைத்தான்.

ஆகவே முதல் வேலையாக உங்கள் அறிக்கையை எடுத்துப் படியுங்கள். நாம் எல்லாவற்றையும் ‘சிபில்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் நாட்டில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இந்தப் பதிவுகளை வைத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. அதில் ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதவாரியாகச் சிறு கட்டங்கள் இருக்கும். நாளுக்குள் கட்டிய மாதத்தில் 000 என்றும், தாமதமான மாதத்தில் எத்தனை நாள் தாமதம் என்ற எண்ணும் இருக்கும். உங்கள் புதிய கார்டின் கட்டங்கள் எல்லாம் 000 ஆகவும், பழைய கார்டின் கட்டங்களில் 30, 60, 90 என்று ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் ‘செட்டில்டு’ என்றும் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். அந்த இரண்டு வரிசைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எங்கே பணம் போட வேண்டும் என்பதை நான் சொல்ல வேண்டியிருக்காது.

பழைய வங்கிக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். அன்று விட்டுக்கொடுத்த தொகையைக் கட்டத் தயார் என்றும், கட்டினால் நிலுவையின்மைச் சான்று தந்து, கடன் தகவல் நிறுவனங்களில் கணக்கின் நிலையை ‘செட்டில்டு’ என்பதிலிருந்து ‘முடிக்கப்பட்டது’ என்று மாற்றித் தர முடியுமா என்றும் கேளுங்கள். மாற்றித் தருவது அவர்கள் ஒப்புக்கொள்வதைப் பொறுத்தது என்பதால், ஒப்புதல் கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ கையில் கிடைக்கும் வரை ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். தொகை 27,000 ரூபாய்க்கு மேல் கேட்டால் பேசிப் பாருங்கள். கேட்டுப் பெறக்கூடிய சலுகைதான் அது. பழைய பாக்கி வேறொரு நிறுவனத்திற்கு விற்கப்பட்டிருந்தால் சான்று அங்கிருந்துதான் வர வேண்டும்; அதையும் முதலிலேயே விசாரித்துவிடுங்கள். பணம் கட்டிய பிறகும் பதிவு மாறவில்லை என்றால் கடன் தகவல் நிறுவனத்தில் புகார் பதியுங்கள். புகார் கொடுத்த 30 நாட்களுக்குள் தீர்வு வராவிட்டால், அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வீதம் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் உத்தரவிட்டிருக்கிறது. ‘சிபிலைச் சரிசெய்து தருகிறோம்’ என்று கட்டணம் கேட்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். கடன் கொடுத்த வங்கி உறுதி செய்யாமல் அந்தப் பதிவில் ஓர் எழுத்தைக்கூட அவர்களால் மாற்ற முடியாது.

இந்த 27,000 ரூபாய்க்கு எங்கே போவது என்று நீங்கள் கேட்பீர்கள். டெபாசிட் கார்டை வழக்கமான கார்டாக மாற்றுவதில் உங்களுக்கு உள்ள உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. வங்கி உங்கள் டெபாசிட்டின் மீது வைத்திருக்கும் பிடிப்பை விலக்கினால் 40,000 ரூபாய் விடுபடும். அதில் பழைய வடுவைத் துடைத்துவிட்டு மீதியை அவசரத்திற்கு வைத்துக்கொள்ளலாம். லவுஞ்ச், சினிமா டிக்கெட், பரிசுப் புள்ளி என்று அவர்கள் சொல்லும் எதுவும் உங்கள் தொழிலுக்கு இந்த அளவுக்கு உதவாது.

மாற்றச் சம்மதிக்கும் முன்பு உங்கள் கார்டைப் பயன்படுத்தும் முறையைச் சிறிது மாற்ற வேண்டும். 32,000 ரூபாய் லிமிட்டில் 26,000 ரூபாய் செலவு என்றால் 81 சதவீதம். நீங்கள் முழுத் தொகையையும் கடைசித் தேதிக்குள் கட்டினாலும், வங்கி தகவல் அனுப்பும் நாளில் கணக்கில் 26,000 ரூபாய் நின்றால், கழுத்து வரை கடனில் இருப்பவர் என்றே அறிக்கை காட்டும். லிமிட்டில் 30 சதவீதத்திற்குள், அதாவது உங்கள் கணக்கில் 9,600 ரூபாய்க்குள், பாக்கி நிற்பது நல்லது என்பது பொதுவான வழிகாட்டுதல். முன்பு மாதம் ஒருமுறை தகவல் போனது. 2025 ஜனவரி முதல் குறைந்தது 15 நாட்களுக்கு ஒருமுறை போக வேண்டும் என்பதால், பில் தேதியை மட்டும் கணக்குப் போட்டுக் கட்டினால் போதாது. உங்கள் ஊரில் வாரச் சம்பளம் சனிக்கிழமை. கம்பெனியிலிருந்து ஜாப் ஒர்க் பணம் வருவதும் பெரும்பாலும் அதையொட்டித்தான். ஆட்களுக்குச் சம்பளம் பிரித்துக் கொடுத்த கையோடு, அந்த வாரம் நூல் கடையில் கார்டில் எடுத்த தொகையையும் அன்றே கார்டு கணக்கில் கட்டிவிடுங்கள். மாதம் முழுவதும் 26,000 ரூபாய் செலவு செய்தாலும், எந்த நாளில் பார்த்தாலும் ஆறாயிரம், ஏழாயிரம்தான் பாக்கி என்ற நிலை இரண்டு மூன்று மாதங்களில் அறிக்கையில் தெரியத் தொடங்கும். செலவில் ஒரு ரூபாயும் குறைக்காமல் ஸ்கோரை உயர்த்த உங்கள் கையிலேயே உள்ள எளிய வழி இதுதான்.

குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிய அந்த இரண்டு மாதங்கள் தவணை தவறியதாகப் பதிவாகாது. அதற்காக வருந்த வேண்டாம். ஆனால் செலவு கணக்கைப் பாருங்கள். மாதம் மூன்றரை சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டாலும், 10,000 ரூபாய் பாக்கிக்கு 350 ரூபாய் வட்டியும் அதன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி 63 ரூபாயும் சேர்ந்து 413 ரூபாய் போகும். முழுத் தொகையைக் கட்டாத மாதத்தில் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஜாப் ஒர்க் பணம் தாமதமாகும் மாதங்களில் கார்டில் நூல் எடுப்பதைவிட, நூல் கடைக்காரரிடம் பத்து நாள் தவணை கேட்பது உங்களுக்கு மலிவு. நம் பக்கத்தில் அந்தக் கடன் வாய்ச்சொல்லில் நடக்கிறது. அதே வாய்ச்சொல்லில் பத்து ஆண்டுகள் ஏலச்சீட்டைத் தவறாமல் கட்டியவர்களை எனக்குத் தெரியும்; அந்த நாணயத்தில் ஒரு வரிகூட வங்கி பார்க்கும் அறிக்கையில் ஏறுவதில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது. அதனால்தான் உங்களைப் போன்றவர்கள் இந்தச் சிறு கார்டைக் கவனமாகக் காப்பாற்ற வேண்டும் என்கிறேன்.

இனி வங்கியிடம் நேரில் போங்கள். இதே கார்டு கணக்கு தொடர்ந்து, டெபாசிட்டின் பிடிப்பு மட்டும் விலகுமா, அல்லது புதிய கணக்கு தொடங்குவார்களா என்பது முதல் கேள்வி. அதே கணக்கு தொடர்ந்தால் 14 மாத நல்ல பதிவும் அப்படியே நீளும், தயங்காமல் சம்மதியுங்கள். புதிய கணக்கு என்றால், புதிய கார்டு கைக்கு வந்து ஒழுங்காக நான்கைந்து பில்கள் கட்டிய பிறகே பழையதை மூடுங்கள். முன்கூட்டியே மூடினால் உங்களுக்கு உள்ள மொத்த லிமிட் குறைந்து, பாக்கியின் விகிதம் மறுபடி ஏறிவிடும். புதிய கணக்கு என்ற நிலையில், டெபாசிட் விடுபடும் வரை காத்திருக்காமல், பழைய வங்கிக்குக் கட்ட வேண்டிய பணத்தை மாதாமாதம் தனியாக எடுத்து வையுங்கள். டெபாசிட்டின் முதிர்வுத் தேதி எப்போது, அது தானாகப் புதுப்பிக்கப்படுமா, பிடிப்பு விலகியதற்கு எழுத்தில் என்ன தருவார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 999 ரூபாய்க் கட்டணம் ஜிஎஸ்டியோடு 1,179 ரூபாய் ஆகும். கட்டணம் இல்லாத கார்டு அவர்களிடம் இருக்கிறதா, ஆண்டில் எவ்வளவு செலவு செய்தால் இது தள்ளுபடி ஆகும் என்று கேளுங்கள். உங்கள் ஆண்டுச் செலவு மூன்று லட்சத்தைத் தாண்டுவதால் தள்ளுபடி கிடைக்க வாய்ப்பு உண்டு. லிமிட்டைக் கூட்டித் தருவதாகச் சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள். செலவை மட்டும் அதோடு சேர்த்து ஏற்றாதீர்கள்.

அந்த இரண்டு ஏஜென்டுகளுக்கும் இப்போதைக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் ஒரு விசாரணையாகப் பதியும். மெஷின் கடன் கேட்கப் போகும் ஆண்டில் அடுத்தடுத்து மூன்று விசாரணைகள் இருந்தால், பணத்திற்கு அலைகிறார் என்றே வங்கி நினைக்கும். இன்னொன்று: கார்டை உயர்த்தித் தருவதாகத் தொலைபேசியில் பேசி ஓடிபி, சிவிவி, பின் எண் எதையாவது கேட்டால், அழைப்பைத் துண்டித்துவிட்டுக் கிளைக்கு நேரில் போங்கள். ‘இன்றைக்கே முடிவு சொல்லுங்கள்’ என்று அவசரப்படுத்தும் அழைப்பு வங்கியிலிருந்தே வந்தாலும் காத்திருக்கட்டும்.

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தில் மஞ்சள் வியாபாரம் செய்கிறேன். ஒரு கார்டு மூன்று ஆண்டுகளாக இருக்கிறது. என்னைக் கேட்காமலே அதை உயர்ரகக் கார்டாக மாற்றி அனுப்பி, இந்த மாத பில்லில் 1,500 ரூபாய்க் கட்டணமும் 270 ரூபாய் ஜிஎஸ்டியும் சேர்த்துவிட்டார்கள். நான் எந்த ஓடிபியும் கொடுக்கவில்லை. கட்டாமல் விட்டால் ஸ்கோர் கெடுமா?
– கோபி வாசகர்

பதில்: உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் கார்டை உயர்த்தி, செயல்படுத்தி, கட்டணம் போட்டிருந்தால், வங்கி அந்தக் கட்டணத்தைத் திருப்புவதோடு அதன் இரண்டு மடங்கை உங்களுக்கு அபராதமாகவும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகள் சொல்கின்றன. உங்கள் பில்லில் 1,770 ரூபாய் என்றால் அபராதம் 3,540 ரூபாய். புதிய கார்டை எங்கும் பயன்படுத்தாதீர்கள். கைபேசிக்கு வந்த பழைய குறுஞ்செய்திகளைப் பார்த்து, தவறுதலாகக்கூடச் சம்மதம் தரவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு பில்லின் கடைசித் தேதிக்கு முன்பே வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள்.

நீங்கள் வாங்கிய பொருள்களுக்கான தொகையைத் தாமதிக்காமல் கட்டிவிடுங்கள். தகராறு கட்டணத்தைப் பற்றி மட்டும் இருக்கட்டும். கடைசித் தேதிக்குப் பிறகு மூன்று நாட்களுக்கு மேல் பாக்கி நின்றால்தான் தவறியதாகப் பதிய முடியும் என்றாலும், அந்த எல்லை வரை போக வேண்டாம். தேதி நெருங்கியும் பதில் வரவில்லை என்றால், ‘ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்’ என்று ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பிவிட்டு 1,770 ரூபாயையும் கட்டிவிடுங்கள். கட்டியதால் உங்கள் புகார் பலம் இழந்துவிடாது. 30 நாட்களில் வங்கி தீர்க்காவிட்டாலோ, அவர்கள் தரும் பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் கட்டணமின்றி முறையிடலாம். அப்போது பில்லின் நகலையும், நீங்கள் கொடுத்த புகாரின் நகலையும் இணைத்து அனுப்புங்கள்.