கெஸ்டின் எண்ணிகள் காணாத 24 நொடிகள்

வாசகர் கேள்வி: எங்கள் அலுவலகத்தில் இரவுதோறும் கணக்குகளைத் தொகுக்கும் ஒற்றை இழை நிரல் ஒன்று, லினக்ஸ் நேரடியாக இயங்கும் சர்வரில் 60 நொடிகளில் முடிகிறது. அதே மாடல் இன்டெல் செயலி கொண்ட இன்னொரு சர்வரில், லினக்ஸின் மெய்நிகராக்க அமைப்பான கேவிஎம் வழியே இயங்கும் மெய்நிகர் எந்திரத்துக்குள் ஓட்டினால் 84 நொடிகள் ஆகின்றன. அங்கே, நிரலின் செயல்திறனை அளக்கும் 'பெர்ஃப் ஸ்டாட்' கருவி முதலில் 'நாட் சப்போர்ட்டட்' என்றது. நிர்வாகி, செயலியின் நிகழ்வுகளை எண்ணும் பகுதியான பிஎம்யூவை இயக்கித் தந்த பிறகு எண்கள் கிடைக்கின்றன. ஆனால் ஆணைகளின் எண்ணிக்கையும் செயலியின் கடிகாரச் சுழற்சிகளின் எண்ணிக்கையும் (சுமார் 18,000 கோடி) இரண்டு இடங்களிலும் ஏறக்குறைய ஒன்றாகவே உள்ளன. கிகாஹெர்ட்ஸ் என்னும் இடத்தில் மட்டும் 3.0க்குப் பதிலாக 2.14 வருகிறது. மெய்நிகர் எந்திரத்தைத் தாங்கும் சர்வர் (ஹோஸ்ட்) எங்கள் செயலியின் வேகத்தைக் குறைத்து ஓட்டுகிறது என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ள வேண்டாம். நீங்கள் பார்க்கும் 2.14 என்பது எங்கும் அளக்கப்பட்ட அதிர்வெண் அன்று. சுழற்சிகளின் எண்ணிக்கையை, நிரல் செயலியில் இருந்த நேரத்தைக் கணக்கிடும் 'டாஸ்க் க்ளாக்' காட்டும் நேரத்தால் வகுத்துப் பெர்ஃப் அச்சிடும் ஈவு மட்டுமே. 18,000 கோடியை 84ஆல் வகுத்தால் நொடிக்கு 214 கோடி வருவது இயல்பு. வகுபடும் எண்ணும் வகுக்கும் எண்ணும் வெவ்வேறு விதிகளின்படி ஓடுகின்றன என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது.

சுழற்சிகளை எண்ணுவது செயலியில் உள்ள வன்பொருள் எண்ணி. லினக்ஸ் கெர்னலில் இந்த எண்ணிகளைப் பகிர்ந்தளிக்கும் பெர்ஃப் அமைப்பு 2009இல் 2.6.31 பதிப்புடன் வந்தது. 2012இல் வெளியான 3.3 பதிப்பிலிருந்து கேவிஎம், கெஸ்டுக்கு (உள்ளே ஓடும் மெய்நிகர் எந்திரத்துக்கு) ஒரு மெய்நிகர் பிஎம்யூவைக் காட்டத் தொடங்கியது. கேவிஎம்மில் நெடுங்காலமாக இருந்துவரும் முறையில் கெஸ்ட் உண்மையான எண்ணியைத் தொடுவதே இல்லை. கெஸ்டின் கெர்னல் எண்ணியை அமைக்கும் எம்எஸ்ஆர் என்னும் செயலிப் பதிவகத்தில் எழுத முயலும்போது கட்டுப்பாடு கேவிஎம்முக்குத் திரும்புகிறது; இதுதான் வெளியேற்றம். கேவிஎம் அந்தக் கோரிக்கையைப் படித்து, ஹோஸ்ட் கெர்னலில் அதற்கு இணையான ஒரு பெர்ஃப் நிகழ்வை உருவாக்குகிறது. அந்த நிகழ்வு, ஹோஸ்ட் நிலையில் எண்ணக் கூடாது என்ற குறிப்புடனேயே உருவாக்கப்படுகிறது. ஆகவே மெய்நிகர் செயலி கெஸ்ட் நிலையில் உண்மையாக ஓடும்போது மட்டுமே அது எண்ணும். வெளியேற்றம் நிகழ்ந்து கேவிஎம்மோ, எந்திரத்தின் சாதனங்களைப் போலச் செய்யும் கியூஎமு நிரலோ வேலை செய்யும் நேரத்திலும், எந்த இழை எப்போது ஓடும் என்று தீர்மானிக்கும் ஹோஸ்டின் ஷெட்யூலர் மெய்நிகர் செயலியின் இழையை வரிசையில் நிறுத்தி வைத்திருக்கும் நேரத்திலும் எண்ணி நின்றுவிடுகிறது. 'டாஸ்க் க்ளாக்' மென்பொருள் கடிகாரம் என்பதால் அப்படி நிற்பதில்லை. கெஸ்டின் பார்வையில் நிரல் இன்னும் செயலியில்தான் இருக்கிறது. எனவே அது ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆட்டோவின் மீட்டர் சக்கரம் உருளும்போது மட்டும் கிலோமீட்டரைக் கூட்டும், காத்திருக்கும் நேரத்திலும் கைக்கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் கிலோமீட்டரைக் கைக்கடிகார நேரத்தால் வகுத்துவிட்டு எஞ்சின் பழுதோ என்று கேட்கிறீர்கள்.

இது வெறும் ஊகமாக நிற்க வேண்டியதில்லை. ஒரே அளவீட்டில் உறுதி செய்துகொள்ளலாம். இன்டெல் செயலிகளில் 'ரெஃப் சைக்கிள்ஸ்' என்னும் நிகழ்வு, டர்போவால் வேகம் ஏறினாலும் மின்சேமிப்பால் இறங்கினாலும் மாறாத டிஎஸ்சி (செயலியின் நேர எண்ணி) வீதத்தில் எண்ணுகிறது. உங்கள் செயலியின் டிஎஸ்சி 2.5 கிகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். செயலியின் வேகம் உண்மையிலேயே குறைக்கப்பட்டிருந்தால், 84 நொடிகளும் கெஸ்ட் நிலையிலேயே கழிந்திருக்கும். ரெஃப் சைக்கிள்ஸ் 21,000 கோடியை ஒட்டி வரும். மாறாக 15,000 கோடியை ஒட்டி வந்தால், நிரல் கெஸ்ட் நிலையில் 60 நொடிகளே ஓடியது என்றும், எஞ்சிய 24 நொடிகள் கெஸ்டுக்கு வெளியே போயின என்றும் பொருள். நீங்கள் தந்த எண்களைப் பார்த்தால் இரண்டாவதே நடந்திருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். சுழற்சிகள் கூடாமல் நேரம் மட்டும் கூடுவதற்கு வேறு வழிகள் அதிகம் இல்லை.

இந்தக் கணக்கைப் போடும் முன் இரண்டு விஷயங்களைச் சரிபார்த்துவிடுங்கள். பெர்ஃப் வெளியீட்டில் நிகழ்வின் பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளியும் 'யூ' என்ற எழுத்தும் ஒட்டியிருந்தால், பயனர் நிலைச் சுழற்சிகள் மட்டுமே எண்ணப்பட்டுள்ளன, கெர்னலில் கழிந்தவை விடுபட்டுள்ளன என்று அர்த்தம். அப்போது மேற்கண்ட வகுத்தலே பிழைபட்டுவிடும். 'பெர்ஃப் ஈவெண்ட் பாரனாய்டு' அமைப்பு 2 ஆக இருக்கும் கணினியில் ரூட் அல்லாத பயனர் அளந்தால் இப்படித்தான் வரும். அடுத்தது, வரிசையின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் தோன்றும் சதவீதம். கேட்ட நிகழ்வுகள் இருக்கும் எண்ணிகளைவிட அதிகமானால் கெர்னல் அவற்றை முறைவைத்துச் சுழற்றி, ஓடிய பங்கை வைத்து முழு எண்ணை மதிப்பிட்டுச் சொல்கிறது. மெய்நிகர் எந்திரத்தில் ஒவ்வொரு சுழற்றலும் எம்எஸ்ஆரில் எழுதும் செயல்களாகி மேலும் வெளியேற்றங்களை உண்டாக்கும். ஆணைகள், சுழற்சிகள், ரெஃப் சைக்கிள்ஸ் ஆகிய மூன்றுக்கும் இன்டெல்லில் தனித்தனி நிலையான எண்ணிகள் இருப்பதால், முதல் சுற்றில் இம்மூன்றை மட்டும் அளப்பது நல்லது.

சதவீதமே காட்டாமல் எண் தவறிப்போகும் வாய்ப்பும் உண்டு. அனுபவசாலிகளும் இதில் ஏமாறுவதைப் பார்க்கிறோம். கேவிஎம் உருவாக்கும் நிகழ்வு 'பின்' செய்யப்பட்டது, அதாவது கிடைத்தால் எப்போதும் எண்ணும், இடம் கிடைக்காவிட்டால் பிழை நிலைக்குப் போய் நின்றுவிடும். ஹோஸ்டில் ஒரு செயலி முழுவதற்குமாகப் பின் செய்யப்பட்ட நிகழ்வுகளுக்கு ஓர் இழைக்கான நிகழ்வைவிட முன்னுரிமை உண்டு. ஹோஸ்டின் செயலி உறைந்துவிட்டதா என்று கண்காணிக்கும் என்எம்ஐ வாட்ச்டாக் அத்தகையது; அது ஒவ்வொரு செயலியிலும் ஒரு எண்ணியை நிரந்தரமாகப் பிடித்து வைத்திருக்கிறது. இடம் பறிபோனது கெஸ்டுக்குத் தெரியாது. அதன் பெர்ஃப், குறைந்துபோன எண்ணையே முழு எண்ணாகக் காட்டும். அளக்கும் நேரத்தில் மட்டும் ஹோஸ்டில் வாட்ச்டாக்கை நிறுத்திவைத்து, வேறு எவரும் அங்கே பெர்ஃப் ஓட்டவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, ஒருமுறை அளந்து ஒப்பிடுங்கள்.

இனி அந்த 24 நொடிகள் யாரிடம் போயின என்பதைப் பார்ப்போம். கெஸ்டுக்குள்ளிருந்து கிடைக்கும் ஒரே தடயம் 'டாப்' அல்லது 'விஎம்ஸ்டாட்' காட்டும் ஸ்டீல் நேரம். மெய்நிகர் செயலியின் இழை ஓடத் தயாராக இருந்தும் ஹோஸ்டின் ஓட்ட வரிசையில் காத்திருந்த நேரத்தைத்தான் கேவிஎம் ஸ்டீல் என்று கெஸ்டுக்குத் தெரிவிக்கிறது. வெளியேற்றத்துக்குப் பின் கேவிஎம்மும் கியூஎமுவும் அதே இழையில் செய்யும் வேலை இதில் சேராது. அங்கே அந்த இழை ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? எனவே ஸ்டீல் 24 நொடிக்கு நெருங்கி வந்தால் விடை கிடைத்துவிட்டது: செயலிகளைவிட மெய்நிகர் செயலிகள் அதிகமாக ஏற்றப்பட்டுள்ளன, அல்லது உங்கள் எந்திரத்துக்குச் செயலி நேர வரம்பு விதிக்கப்பட்டுள்ளது. ஸ்டீல் பூச்சியமாக இருந்தால் ஹோஸ்ட் குற்றமற்றது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஹோஸ்டில் அளக்க நிர்வாகியின் உதவி வேண்டும். 'சிபியூ 0/கேவிஎம்' என்பது போன்ற பெயருடன் தெரியும் மெய்நிகர் செயலி இழையைக் கண்டுபிடித்து, அந்த இழையின் மீது மட்டும் பெர்ஃப் ஸ்டாட்டை ஓட்டி, சுழற்சிகளை 'ஜி' பின்னொட்டுடன் ஒன்றாகவும் 'ஹெச்' பின்னொட்டுடன் ஒன்றாகவும் கேளுங்கள். முதலாவது கெஸ்ட் நிலைச் சுழற்சிகள், இரண்டாவது ஹோஸ்ட் நிலைச் சுழற்சிகள். பின்னொட்டு இல்லாமல் கேட்டால் எது எண்ணப்படும் என்பதைக் கருவியின் இயல்புநிலைக்கு விட்டுவிடாமல் இரண்டையும் வெளிப்படையாக எழுதுவதே பாதுகாப்பு. இன்டெல்லில் கெஸ்ட் நிலைக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் எண்ணிகளின் பொதுக் கட்டுப்பாட்டுப் பதிவகத்தை வன்பொருளே மாற்றிவிடுவதாலும், ஏஎம்டியில் எண்ணியை அமைக்கும் பதிவகத்திலேயே இதற்கெனத் தனிப் பிட்டுகள் இருப்பதாலும் இந்தப் பிரிப்பு நம்பத்தக்கது. ஹோஸ்ட் நிலையில் 7,000 கோடிச் சுழற்சிகளை ஒட்டி வந்தால், 3 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் அது ஏறத்தாழ 24 நொடி. நேரத்தைத் தின்றவை வெளியேற்றங்களே. ஹோஸ்ட் நிலை எண் சிறியதாக இருந்து ஸ்டீலும் இல்லையென்றால், கியூஎமுவுக்குள் இழை ஏதோ ஒன்றுக்காக உறங்கியிருக்கிறது. அதை ஷெட்யூலர் தடங்களில் தேட வேண்டும். நிரல் ஓடும் நேரத்தில் மட்டும் அளக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சும்மா இருக்கும் கெஸ்டுக்காக ஹோஸ்ட் சிறிது நேரம் விழித்துக் காத்திருப்பதுண்டு, அதுவும் ஹோஸ்ட் கணக்கில் ஏறும்.

வெளியேற்றங்களின் வகையை அறிய 'பெர்ஃப் கேவிஎம் ஸ்டாட்' போதும். ஒவ்வொரு காரணத்துக்கும் எத்தனை முறை, மொத்தம் எவ்வளவு நேரம் என்று அட்டவணை தரும். அதில் ஹெச்எல்டி (செயலியை ஓயவைக்கும் ஆணை) வரிசை மிகப் பெரிய நேரத்தைக் காட்டினால் பதற வேண்டாம், அது கெஸ்ட் ஓய்ந்திருந்த நேரம். எம்எஸ்ஆரில் எழுதியதால் வந்தவை மிகுந்திருந்தால், கெஸ்டுக்குள் நீங்கள் ஓட்டிவிட்ட பெர்ஃப்தான் அதற்குக் காரணமா என்று முதலில் பாருங்கள். இந்த அட்டவணையை எடுக்கும்போது கெஸ்டில் பெர்ஃப் ஓடக் கூடாது.

உங்கள் நிரல் கணக்குப் பதிவுகளைத் தொகுப்பது என்பதால் எனக்கு முதலில் ஐயம் எழுவது கடிகார மூலத்தின் மீதுதான், அதாவது கெஸ்ட் நேரத்தை எங்கிருந்து படிக்கிறது என்பதன் மீது. கெஸ்டில் தற்போதைய கடிகார மூலம் 'கேவிஎம் க்ளாக்' அல்லது 'டிஎஸ்சி' ஆக இருந்தால், நேரம் கேட்பது வெளியேற்றம் இல்லாமல் முடியும். 'ஏசிபிஐ பிஎம்' அல்லது 'ஹெச்பெட்' ஆக இருந்தால், ஒவ்வொரு பதிவுக்கும் நேர முத்திரை இடும் நிரல், ஒவ்வொரு முத்திரைக்கும் ஹோஸ்டுக்குப் போய் வருகிறது. அட்டவணையில் ஐஓ ஆணை அல்லது இபிடி (கெஸ்டின் நினைவகத்தை ஹோஸ்டின் நினைவகத்தோடு இணைக்கும் அட்டவணை) சார்ந்த வெளியேற்றங்கள் குவியும். சிஸ்எஃப்எஸ் கோப்பமைப்பில் கடிகார மூலத்துக்கான கோப்பைப் படித்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். அட்டவணை எடுக்கும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

சுழற்சிகளும் கூடவே கூடியிருந்தால் நான் வேறு பதில் எழுதியிருப்பேன். நினைவக முகவரியை இரண்டு அடுக்கு அட்டவணைகளில் தேடுவதால், நேரடி வன்பொருளில் அதிகபட்சம் 4 நினைவக அணுகல்களில் முடியும் தேடல், நான்கு நிலை அட்டவணைகளில் 24 வரை போகலாம். அந்தச் செலவு கெஸ்ட் நிலையிலேயே நிகழ்வதால் கெஸ்டின் எண்ணியில் தெரியும், ஹோஸ்டில் பெரும்பக்கங்களைத் தந்தால் குறையும். ஒரே செயலிக் கருவைப் பகிரும் அடுத்த வன்பொருள் இழையில் வேறொரு எந்திரம் உழைத்தாலும் சுழற்சிகள் கூடும், ஸ்டீல் கூடாது. உங்கள் எண்களில் இவ்விரண்டுக்கும் அடையாளம் இல்லை.

நிர்வாகி பிஎம்யூவைத் தொடக்கத்தில் மூடி வைத்திருந்ததையும் தவறு என்று சொல்ல மாட்டேன். எண்ணிகள் செயலி மாடலுக்கு மாடல் மாறுவதால், பிஎம்யூவைக் கண்ட கெஸ்டை ஓடும் நிலையிலேயே வேறு வகைச் செயலிக்கு இடம்பெயர்ப்பது சிக்கலாகும். பாதுகாப்புக் கவலையும் உண்டு. இன்னொரு மெய்நிகராக்க மென்பொருளான ஜென் திட்டம் 2015இல் எக்ஸ்எஸ்ஏ 163 அறிவிப்பின் வழியே தன் மெய்நிகர் பிஎம்யூவைப் பாதுகாப்பு ஆதரவுக்கு வெளியே வைத்தது. பல கிளவுட் எந்திரங்களிலும் பிஎம்யூ மூடப்பட்டே கிடைக்கும். அங்கே கெர்னல் தொடக்கச் செய்திகளில் மென்பொருள் நிகழ்வுகள் மட்டுமே உண்டு என்ற வரி இருக்கும். அத்தகைய இடத்தில் ரெஃப் சைக்கிள்ஸ் கணக்கு போட முடியாது. ஸ்டீல் நேரத்தையும் கடிகார மூலத்தையும் பார்த்துவிட்டு, எஞ்சியதைச் சேவை தருபவரிடம்தான் கேட்க வேண்டும். உங்களுக்கு ஹோஸ்ட் பக்கமும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், கடிகார மூலம், ஸ்டீல், பிறகு ஹோஸ்ட் நிலைச் சுழற்சிகள் என்ற வரிசையில் தொடங்குங்கள்.