ஃபிளாஷைத் தனியே வைத்துப் படம் எடுக்க வயரா, வயர்லெஸ் டிரிக்கரா?

நீங்கள் கேட்ட கேள்வி இதுதான்: உங்கள் கையில் ஒரு கேமரா, புதிதாக வாங்கிய ஃபிளாஷ் ஒன்று, தாய்மாமா கொடுத்த பழைய ஃபிளாஷ் ஒன்று. ஃபிளாஷைக் கேமராவின் தலையிலிருந்து இறக்கிப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். அதற்கு வயர் போதுமா, வயர் இல்லாமலேயே ஃபிளாஷை அடிக்கவைக்கும் வயர்லெஸ் டிரிக்கர் வாங்க வேண்டுமா?

நான் மதுரையில் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று படம் எடுப்பவன். இடையிடையே கடைக்காரர்களுக்குச் சரக்குப் படமும் எடுத்துக் கொடுக்கிறேன். வயர், டிரிக்கர் இரண்டும் என் பையில் இருக்கின்றன. எதை எடுப்பது என்பதற்கு நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: எனக்கும் ஃபிளாஷுக்கும் நடுவில் ஆள் நடப்பாரா? நடக்க மாட்டார் என்றால் வயர். நடப்பார் என்றால் வயர்லெஸ். விலை, பிராண்டு எல்லாம் அதற்குப் பிறகு.

வயர் என்றதும் பழைய காலத்துச் சங்கதி என்று ஒதுக்கிவிடாதீர்கள். காமராசர் சாலைப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் சுங்குடிப் புடவைகளைப் படம் எடுக்கப் போயிருந்தேன். துணியைச் சிட்டிகையளவு கிள்ளி, நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்குவார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது; அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளியில் துணி லேசாகக் குமிழ்ந்து, சுற்றிலும் மெல்லிய சுருக்கம் விழுந்திருக்கும். கேமராவின் மேலிருந்து ஃபிளாஷை நேராக அடித்தால் குமிழும் போய்விடும், சுருக்கமும் போய்விடும். கையால் கட்டியதும் அச்சில் அடித்ததும் ஒன்றுபோலத் தெரியும். நாள்கணக்கில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டவருக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இல்லை.

புடவையைத் தரையில் விரித்து, ஃபிளாஷை இடப்பக்கம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்து, ஒளி துணியைத் தடவிக்கொண்டு போகும்படி திருப்பினேன். ஒவ்வொரு புள்ளிக்கும் வலப்பக்கத்தில் கடுகளவு நிழல் விழுந்தது. கேமராவின் திரையை எட்டிப் பார்த்த அந்த வீட்டு அம்மா, "இப்போதுதான் தம்பி, நான் போட்ட முடிச்சாகத் தெரிகிறது" என்றார். அன்று முழுவதும் ஃபிளாஷ் எனக்கு நாலடி தூரத்தில்தான் இருந்தது. வயரை மாட்டினேன், எடுத்தேன். டிரிக்கர் எந்தச் சேனலில், அதாவது எந்த ரேடியோ அலையில், ஓடுகிறது என்று பார்க்கவில்லை, அதற்குப் பேட்டரி செல் மாற்றவில்லை, ஒரு படம்கூடத் தவறவில்லை.

வயரில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெறும் சிங்க் வயர். சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். 'இப்போது அடி' என்ற ஒரு சொல்லை மட்டும்தான் அது கொண்டு போகும். ஃபிளாஷின் வலுவை நீங்கள் கையால் வைக்க வேண்டும். அது மாட்டும் சின்ன வட்டத் துளைக்கு பி.சி. என்று பெயர். கணினிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ப்ரோன்டர், காம்பூர் என்ற இரண்டு ஜெர்மன் ஷட்டர்களின் முதலெழுத்துகள் அவை. அந்த முனை நாளாக ஆகத் தளர்ந்து கழன்று கழன்று வரும், அதுதான் அதன் பெரிய குறை. குறைந்த விலைக் கேமராக்கள் பலவற்றில் இந்தத் துளையே இருக்காது; கேமராவின் தலையில் ஃபிளாஷ் உட்காரும் இடமான ஹாட் ஷூவில் மாட்டும் அடாப்டர் ஒன்று சேர்த்து வாங்க வேண்டும்.

இன்னொன்று டி.டி.எல். வயர். லென்ஸ் வழியே வரும் ஒளியைக் கேமராவே அளந்து ஃபிளாஷின் வலுவை வைக்கும் முறைக்குத்தான் டி.டி.எல். என்று பெயர். கேமராவும் ஃபிளாஷும் பேசிக்கொள்ளும் எல்லாவற்றையும் கடத்தும். ஃபிளாஷ் கேமராவின் மேலேயே இருப்பதாகத்தான் கேமரா நினைத்துக்கொள்ளும். ஆனால் உங்கள் கேமரா பிராண்டுக்கு உரியதாகப் பார்த்து வாங்க வேண்டும். பெரும்பாலும் சுருள் வயர்தான் வரும். அதை நீட்டி இழுத்து ஸ்டாண்டில் மாட்டினால் சுருள் தன் பக்கமே இழுத்துக்கொண்டு நிற்கும். ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை வைக்காவிட்டால் சாய்ந்துவிடும். ஒரு கையில் கேமரா, மறு கையில் ஃபிளாஷ் என்று பிடித்து எடுப்பவருக்கு இதுவே சிறந்தது.

இனி ஆட்கள் நடமாடும் இடம். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு காதுகுத்து. வீட்டு வாசலில் மொட்டையடித்த குழந்தை தாய்மாமன் மடியில் இருக்கிறது. நான் ஐந்து மீட்டர் வயரைத் தரையோடு விட்டு, ஒளியைப் பரப்பும் குடை மாட்டிய ஃபிளாஷைத் திண்ணை ஓரம் நிறுத்தியிருந்தேன். சீர்த்தட்டோடு வந்த ஒரு பாட்டி நின்று, "ஏய்யா, வாசலில் எதற்குக் கயிறு கட்டியிருக்கிறாய்?" என்று கேட்டார். வயரை எடுத்து ஓரமாகப் போடுவதற்குள் ஓடி வந்த பையன் ஒருவன் காலில் அது சிக்கி, ஸ்டாண்டு குடையோடு சாய்ந்தது. தாய்மாமன் சட்டென்று குழந்தையின் தலைமேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார். யாருக்கும் அடியில்லை. இருந்தாலும் அந்தக் கை வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பது இன்றும் என் வயிற்றைப் பிசைகிறது. அன்றிலிருந்து விசேஷ வீட்டில் தரையில் வயர் விடுவதில்லை. நீங்களும் விடாதீர்கள், டேப் ஒட்டிச் சமாளிக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

வயர்லெஸ் என்று வந்தால் ரேடியோ டிரிக்கரையே வாங்குங்கள். வேறொரு ஃபிளாஷின் வெளிச்சத்தைக் கண்டு தானாக அடிக்கும் ஸ்லேவ் வசதி பல ஃபிளாஷ்களில் உண்டு. தனியறையில் அருமையாக வேலை செய்யும். கல்யாண மண்டபத்தில் அடுத்த கேமராக்காரர் அடிக்கும் ஒவ்வொரு ஃபிளாஷுக்கும் உங்களுடையதும் அடித்து, செல் தீர்ந்து நிற்கும். வெயிலில் அதற்குக் கண்ணே தெரியாது.

ரேடியோவுக்குச் சுவரும் வெயிலும் பொருட்டில்லை. அதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. திருப்பரங்குன்றத்தில் முகூர்த்த நாளென்றால் உங்களுக்குத் தெரியும்: முருகன் தெய்வானையை மணந்த தலம் என்று வரிசையாகக் கல்யாணங்கள், அடுத்தடுத்து மண்டபங்கள். ஒருமுறை நான் பொத்தானைத் தொடாமலேயே என் ஃபிளாஷ் படபடவென்று அடித்தது. பக்கத்து மண்டபத்தில் அதே பிராண்டு டிரிக்கர், அதே முதல் சேனல். பெட்டியிலிருந்து எடுத்தபடியே இருவரும் பயன்படுத்தியிருக்கிறோம். கோடாக்ஸ் பிராண்டு டிரிக்கர்கள் பலவற்றில் 32 சேனல்களும், அதற்கு மேல் 1 முதல் 99 வரை ஐ.டி. என்ற அடையாள எண்ணும் உண்டு. வாங்கிய அன்றே இரண்டையும் மாற்றிவிடுங்கள். இந்த டிரிக்கர்கள் பெரும்பாலும் வைஃபையும் புளூடூத்தும் ஓடும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுகின்றன. மனித உடல் இந்த அலையை நன்றாக உறிஞ்சும். ஆகவே கூட்டத்தில் ஃபிளாஷைத் தலைகளுக்கு மேலே உயர்த்தி வையுங்கள். மேசையில் நகை, பொம்மை எடுக்கும்போது ஃபிளாஷ் மிக அருகில் இருந்தும் அடிக்கவில்லை என்றால் பழுது என்று நினைக்க வேண்டாம். சில டிரிக்கர்களில் 1-100 மீட்டர், 0-30 மீட்டர் என்று இரண்டு அமைப்புகள் இருக்கும், இரண்டாவதுக்கு மாற்றுங்கள்.

வயர்லெஸ்ஸில் எனக்குப் பட்ட பெரிய அடி செல்லால்தான். முகூர்த்த நேரம். ஹோமப் புகைக்காக ஃபிளாஷைப் பக்கத்தில் வைத்திருந்தேன். கேமராவின் மேலிருந்து அடித்தால் புகை வெள்ளைத் திரையாக எழுந்து மணமக்கள் முகத்தையே மூடிவிடும். கெட்டிமேளம் கொட்ட, அட்சதை பறக்க, நான் அழுத்திக்கொண்டே இருக்கிறேன். ஃபிளாஷ் தயார் என்று கீச்சிடும் ஒலி எப்போது நின்றது என்று அந்த மேளத்தில் காதில் விழவில்லை. டிரிக்கரின் செல் தீர்ந்திருந்தது. தாலி ஏறிய மூன்று படங்கள் இருட்டு. கணினியில் எவ்வளவோ வெளிச்சம் ஏற்றியும், மணப்பெண்ணின் குனிந்த முகம் புள்ளி புள்ளியாகத்தான் வந்தது. அந்தப் பெண்ணின் அப்பாவிடம் ஆல்பத்தைக் கொடுத்தபோது அவர் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் மாப்பிள்ளை மேடை ஏறியதும் ஃபிளாஷ், டிரிக்கர் இரண்டிலும் புதுச் செல் போட்டுவிடுகிறேன், பழையதில் பாதி மிச்சம் இருந்தாலும்.

ஷட்டர் வேகம் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலான கேமராக்களில் ஃபிளாஷோடு 1/200 அல்லது 1/250 நொடி வரைதான் போகலாம். அதற்கு மேல் போனால் ஷட்டரின் முதல் திரை முழுதாகத் திறப்பதற்குள் இரண்டாவது திரை மூட வந்துவிடும். படத்தின் அடியில் கறுப்புப் பட்டை விழும். வயரில் தாமதம் இல்லாததால் அந்த எல்லை வரை தைரியமாகப் போகலாம். மலிவான ரேடியோ டிரிக்கரில் கண்ணிமைக்கும் நேரத்தில் சிறு துளி தாமதமாகும், 1/160-இல் நிறுத்திக்கொள்ளுங்கள். தெப்பக்குளத்துப் படிக்கட்டில் நடுப்பகல் வெயிலில், பின்னணி கலங்கலாக வர லென்ஸை அகலத் திறந்து எஃப் 2.8-இல் எடுக்க ஆசைப்பட்டால், கேமராவின் ஒளியுணர்வைக் குறைத்து ஐ.எஸ்.ஓ. 100-இல் வைத்தாலும் 1/3200 பக்கம் வேகம் தேவைப்படும். அதற்கு ஹை ஸ்பீடு சிங்க், அதாவது அந்த எல்லையைத் தாண்டிய வேகத்திலும் ஃபிளாஷ் அடிக்கும் வசதி வேண்டும். டி.டி.எல். வயரும் டி.டி.எல். டிரிக்கரும் அதைத் தரும். வெறும் சிங்க் வயரும் சாதாரண டிரிக்கரும் தராது. அந்த முறையில் ஃபிளாஷின் வலு வெகுவாகக் குறையும் என்பதால் ஆளுக்கு அருகில் கொண்டு போக வேண்டும். இரண்டு மீட்டரில் இருப்பதை ஒரு மீட்டருக்குக் கொண்டு வந்தால் ஒளி நான்கு மடங்கு.

ஆக, பொருள் படமும் வீட்டுக்குள் ஒருவரின் உருவப்படமும்தான் இப்போதைக்கு என்றால் வயரோடு தொடங்குங்கள். மிச்சப் பணத்தில் ஒரு ஸ்டாண்டும் வெள்ளைக் குடையும் வாங்கலாம். விசேஷங்களுக்குப் போகப் போகிறீர்கள் என்றால் உங்கள் புது ஃபிளாஷின் பிராண்டிலேயே டி.டி.எல். டிரிக்கர் வாங்குங்கள். டிரிக்கர் அனுப்பும் அலையை வாங்கும் ரிசீவர் அந்த ஃபிளாஷிலேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; இருந்தால் ஒரு டிரிக்கர் மட்டும் போதும். வயரையும் பையில் வைத்திருங்கள்.

மாமாவின் ஃபிளாஷை மட்டும் இப்போதைக்குக் கேமராவில் மாட்ட வேண்டாம், வயர் வழியாகவும் வேண்டாம். பழைய ஃபிளாஷ்கள் சிலவற்றின் தொடுமுனையில் 200 வோல்ட்டுக்கு மேல்கூட இருக்கும். கேமராவின் உள்ளே இருக்கும் சுற்றைக் கருக்கிவிடும். ரிசீவரும் ஓரளவுக்குத்தான் தாங்கும். புதுச் செல் போட்டு, தயார் விளக்கு எரிந்ததும், அடியில் உள்ள நடு முனைக்கும் பக்கவாட்டுத் தகட்டுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்து அளக்க வேண்டும். முனைகளில் விரல் படக் கூடாது. பழக்கமில்லை என்றால் எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்க்கும் கடையில் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். வந்த எண்ணைக் கேமராக் கையேட்டில் போட்டிருக்கும் வரம்போடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு மாட்டலாம்.