ஞாயிறு கீறிய நேரசூசி செவ்வாயில் குழம்பினால்

நல்லூரிலிருந்து ஒரு தங்கச்சி கேட்கிறார்: “உயிரியல் பிரிவில் இரண்டாம் தரம் ஏ/எல் (உயர்தரப் பரீட்சை) எழுதப்போகிறேன். ஞாயிறு தோறும் நேரசூசி கீறுவேன், செவ்வாய்க்குள் குழம்பிவிடும். பிறகு இரவிரவாக, கலைப்பிரிவுக்கு மாறுவோமா என்று யோசனை. எனக்கு மனவுறுதி இல்லையா?”

தங்கச்சி, திரும்பவும் எழுதத் துணிந்தவருக்கு உறுதி இல்லை என்று யார் சொல்வது? சிக்கல் வேறு இடத்தில்.

ஒரு காரியத்தை எடுக்கும்போது செய்வதா விடுவதா என்று நிறுத்துப் பார்க்கும் மனம் ஒன்று. இறங்கியபின் எப்போது, எங்கே, எப்படி என்று மட்டும் கேட்கும் மனம் இன்னொன்று. ஜேர்மன் உளவியலாளர்கள் ஹைன்ஸ் ஹெக்ஹவுசனும் பீட்டர் கோல்விட்சரும் 1980களில் இதை ஆராய்ந்தார்கள். இரண்டுக்கும் இடையிலான எல்லைக்கு அவர்கள் வைத்த பெயர் ரூபிகன். சீசர் படையோடு கடந்தபின் திரும்ப வழியில்லாமற்போன இத்தாலிய ஆறு அது.

நிறுக்கும் மனம் நன்மை தீமை இரண்டையும் பார்க்கும், தன் பலத்தைக் கூட்டிக் காட்டாது. இறங்கிய மனமோ ‘என்னால் முடியும்’ என்று கொஞ்சம் கூடுதலாகவே நம்பும். படிக்க இருப்பவருக்கு அந்தக் கூடுதல் நம்பிக்கை வேண்டும். பிரிவு மாறுவதை யோசிப்பவருக்கு அது ஆபத்து. நீங்கள் கொப்பியைத் திறந்துவிட்டு நிறுக்கிறீர்கள். அதுவும் இரசாயனவியல் கணக்கு வராத இரவு பத்து மணிக்கு. தட்டில் விரலை வைத்துக்கொண்டு நிறுத்தால் தராசு எப்படிச் சரியாகக் காட்டும்?

நிறுப்பதற்கு ஒரு நாளைக் குறியுங்கள். அடுத்த மாதிரிப் பரீட்சைப் புள்ளிகள் வந்த பிறகு ஒரு சனிக்கிழமை காலை, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் பழைய இசட் புள்ளியையும் முன்னால் வைத்து, உங்களைத் தெரிந்த ஆசிரியர் ஒருவரோடு இருந்து பேசுங்கள். மூன்றாம் தரமும் எழுதலாம் என்பதும் கணக்கில் இருக்கட்டும். அதுவரை அந்த எண்ணம் வந்தால் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டுப் படிப்புக்குத் திரும்புங்கள்.

சரி, நேரசூசி. நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். நான்கு நிறப் பேனை, அழகான எழுத்து. ஆறு மணிக்கு டியூசன் முடிகிறது, ஆறு மணிக்கே வீட்டில் இரசாயனவியல் தொடங்குகிறது. சைக்கிளில் வரும் நேரம் எங்கே? முகம் கழுவி ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் எங்கே? தொடங்கும்போதே பிந்திவிடுகிறீர்கள், பிறகு மனம் விட்டுப்போகிறது.

மணிக்கூட்டை விட்டு, கட்டாயம் நடக்கிற ஒன்றோடு படிப்பைக் கட்டுங்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் பூசை நேரம் தவறாது என்பது ஊரறிந்தது. “பின்னேரப் பூசை மணி கேட்டதும் முன்னறைக் கதிரையில் இருந்து, கடந்தகால வினாத்தாளில் ஓர் அமைப்புக் கட்டுரை வினாவை எடுப்பேன்” என்று எழுதி ஒட்டுங்கள். கோல்விட்சரும் பிராண்ட்ஸ்டெட்டரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், நத்தாருக்கு முதல்நாள் இரவைப் பற்றி இரண்டு நாளுக்குள் எழுதித் தருமாறு மாணவர்களிடம் கேட்டார்கள். எப்போது, எங்கே இருந்து எழுதுவது என்று முன்பே குறித்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் எழுதினார்கள். குறிக்காதவர்களில் பத்துக்கு மூன்று பேர்தான்.

இந்த வாரம் அந்த ஒரு வசனம் போதும். மழை இரைச்சலில் மணி கேட்காத நாளுக்கு, அம்மா விளக்கேற்றுவதை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள்.