க்யூ ஸ்டிக்குக்கு எந்த மேப்பிள்? வாசகர் கேள்வி – பதில்

பெரம்பூரில் கடைசல் பட்டறை வைத்திருக்கிறேன். பூல் ஸ்டிக் (மேசையில் பந்தைக் குத்தி ஆடும் கோல்) செய்து தரக் கேட்கிறார்கள். மரக்கடையில் ஹார்டு மேப்பிள், சாஃப்ட் மேப்பிள் என்று இரண்டு காட்டினார்கள். பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. விலைதான் இடிக்கிறது. எதை வாங்கலாம்?

ஷாஃப்டுக்கு, அதாவது ஸ்டிக்கின் மெல்லிய முன்பாதிக்கு, ஹார்டு மேப்பிள்தான். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. கனடாவிலும் வடகிழக்கு அமெரிக்காவிலும் வளரும் சுகர் மேப்பிள் இது. ஜங்க்கா அளவில் (சிறு இரும்புக் குண்டை மரத்தில் பாதி அமுக்கத் தேவைப்படும் விசை) இதன் கடினம் 1,450 பவுண்டு. சாஃப்ட் என்று விற்கும் ரெட் மேப்பிள் 950, சில்வர் மேப்பிள் 700. நுனி 13 மி.மீ. வரை மெலியும் ஸ்டிக்கில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். மேசை விளிம்பில் தட்டினாலே சாஃப்ட் மேப்பிளில் பள்ளம் விழும்.

கடையில் சந்தேகம் வந்தால் தராசில் வையுங்கள். 1 அங்குலச் சதுரத்தில் 30 அங்குல நீளமுள்ள காய்ந்த ஹார்டு மேப்பிள் கட்டை சுமார் 350 கிராம் இருக்கும். 300-க்குக் கீழே இறங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. தேக்கு வாங்கிப் பழகிய நம் கண் வைரத்தை, அதாவது நடுமரத்தைத் தேடும், வெள்ளையைக் கழிக்கும். மேப்பிளில் கணக்கு தலைகீழ்! ஷாஃப்டுக்கு எடுப்பது வெளிப்பக்கத்து வெள்ளையைத்தான். நடுவிலிருக்கும் பழுப்பு வைரத்தை ஒதுக்குவார்கள். வெள்ளையில் அங்கங்கே மெல்லிய பழுப்புக் கீற்று தெரிந்தால் அழகுதான் குறையும், ஆட்டம் கெடாது.

விலையைவிட முக்கியம் நார் ஓட்டம். ஒரு முனையில் புறப்படும் நார் 29 அங்குல ஷாஃப்ட் முழுக்க ஓடி மறுமுனையில் முடிய வேண்டும். நடுவில் பக்கவாட்டில் வெளியேறினால் அந்த இடத்தில்தான் கோணும், உடையும். மேல் ரேகையை மட்டும் நம்பாதீர்கள். பலகையின் ஓரத்தில் உளியை வைத்து ஒரு சில்லைப் பிளந்து பாருங்கள். பிளவு போகும் வழிதான் நாரின் உண்மையான வழி. அதற்கு இணையாகக் கோடு போட்டு அறுங்கள். பலகை விளிம்புக்கு இணையாக அறுத்தால் மரம் மிச்சமாகும், ஸ்டிக் வீணாகும்.

பறவைக் கண் போலப் புள்ளிகள் உள்ள பேர்ட்ஸ் ஐ மேப்பிளில் முழு ஸ்டிக்கும் செய்தால் அழகாக இருக்குமே?

இருக்கும், கொஞ்ச நாளைக்கு. அந்தக் கண் ஒவ்வொன்றையும் சுற்றி நார் வளைந்து போகிறது. மெல்லிய ஷாஃப்டில் அப்படி வளைந்த நார் நேராக நிற்காது. அலை அலையாக மின்னும் கர்லி மேப்பிளும் அப்படித்தான். இரண்டையும் தடித்த பின்பாதிக்கு, அதாவது பட்டுக்கு வையுங்கள். அங்கேயும் நடுவில் 19 மி.மீ. துளையிட்டு, நேர் நார் மேப்பிள் உருளையை எபாக்ஸி பசை வைத்து இறக்குவது நல்லது. தண்ணீர் கலந்த மரப்பசை வேண்டாம். உருளை ஊறிப் பாதியிலேயே சிக்கிக்கொள்ளும். கண் உள்ள இடம் கடைசலில் பிய்ந்து வரும். உளியைத் தீட்டிக்கொண்டு, ஒரு தடவைக்கு அரை மி.மீ.க்கு மேல் எடுக்காதீர்கள்.

நல்ல மரம்தான் வாங்கினேன். ஆனியில் கடைந்த ஷாஃப்ட் ஐப்பசி மழையில் வில்லாக வளைந்துவிட்டது. ஏன்? (பெசன்ட் நகர் வாசகர்)

சூளையில் உலர்த்திய மேப்பிளில் ஈரம் 6 முதல் 8 சதவீதம். சென்னையின் மழைக்காலக் காற்றில் அது 15 வரை ஏறக்கூடும். உங்களுக்கோ கடல் பக்கத்திலேயே வீடு. ஈரம் ஏறும்போது, நார் கோணலாக உள்ள பக்கம் வேறு விதமாக உப்புகிறது, கட்டை வளைகிறது. ஒரே நாளில் 25 மி.மீ. சதுரத்திலிருந்து 13-க்குக் கடைந்திருந்தால், உள்ளே அடங்கியிருந்த இழுவிசையும் சேர்ந்து வெளிப்படும்.

சதுரக் கட்டையை ஒரு மாதம் பட்டறையிலேயே கிடத்துங்கள். பிறகு 22 மி.மீ. உருளையாக்கி, ஒரு முனையில் கொக்கி மாட்டிச் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். மூன்று, நான்கு வாரம் கழித்து அடுத்த கடைசல், மறுபடி தொங்கல். இப்படி ஐந்தாறு முறை இறங்கி வாருங்கள். கடைசி இரண்டு முறை அரை மி.மீ. எடுத்தால் போதும். ஒவ்வொரு கடைசல் முடிந்ததும் சீலர் (ஈரம் புகாமல் மரத்தை அடைக்கும் பூச்சு) பூசுங்கள். ஈரம் அதிகம் குடிப்பது வெட்டுமுனை, அதை மறக்கக் கூடாது. நடுவில் எது வளைந்தாலும் நெருப்பில் வாட்டி நிமிர்த்தாதீர்கள், திரும்பவும் வளையும். அதைக் கோலாட்டக் குச்சியாக்கிவிடலாம்!

முடிந்த ஸ்டிக்கைச் சுவரில் சாய்த்து வைப்பதும் வெயிலில் நிற்கும் காருக்குள் போடுவதும் கூடாது.

ஸ்னூக்கர் ஸ்டிக்குக்கும் மேப்பிள் சரிப்படுமா?

சரிப்படும். ஆனால் பெரும்பாலோர் விரும்புவது ஆஷ் என்ற மரம். ஸ்னூக்கர் நுனி 9.5 முதல் 10 மி.மீ. வரைதான் என்பதால் நார் விஷயத்தில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். மேப்பிள் வழுவழுப்பாக இருக்கும், ஆஷில் ரேகை அம்புமுனை போலத் தெளிவாகத் தெரியும். குறி பார்க்க அந்த ரேகையையே நம்பும் ஆட்டக்காரருக்கு மேப்பிளைச் செய்து கொடுத்தால் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.