கீபோர்டு நிழல் ரீசெட்டில் போகாது

ஃபோனை ரீசெட் செய்தும் சாம்பல் பின்னணியில் கீபோர்டின் மஞ்சள் நிழல் போகவில்லை, ஆனால் ஸ்கிரீன்ஷாட்டில் அது வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஸ்கிரீன்ஷாட்டே விடை சொல்லிவிட்டது: ஸ்கிரீன்ஷாட் மென்பொருள் வரையும் படத்தை மட்டுமே பிடிக்கும், ஆகவே கோளாறு பேனலில் (திரையிலேயே), அதாவது பர்ன்-இன்: ஒரே படம் நெடுநேரம் நின்றதால் பிக்சல்கள் சீரில்லாமல் தேய்ந்து விழுந்த நிரந்தரத் தடம். ஓஎல்இடி வகைத் திரையில் பின்விளக்கு கிடையாது, ஒவ்வொரு துணைப்பிக்சலும் (பிக்சலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளி) தானே ஒளிர்ந்து, ஒளிர்ந்த அளவுக்குத் தேய்கிறது. நீலம்தான் முதலில் தேயும், ஏனென்றால் நீல ஒளிக்குச் சிவப்பு, பச்சையைவிட அதிகமாக, சுமார் 2.7 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும், அவ்வளவு ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறு பக்கத்து மின்னூட்டத்தோடு மோதினால் அதன் பிணைப்பே உடையலாம். போதாக்குறைக்குப் பெரும்பாலான பேனல்களில் நீலம் இன்னும் ஃபுளூரசன்ட் வகைதான். அந்த வகையில், மின்சாரத்தால் உருவாகும் எக்சிட்டான்களில் (ஒளியாக மாறக்கூடிய ஆற்றல் பொட்டலங்களில்) சுமார் 25 சதவீதமே நேரடியாக ஒளி தரும் என்பதால் மின்னோட்டத்தைக் கூட்ட வேண்டியிருக்கிறது. வெள்ளையில் நீலம் குறைந்தால் மஞ்சள், அவ்வளவுதான்.

சந்தேகமிருந்தால் முழுத்திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாக வைத்துப் பாருங்கள், நீலத்தில்தான் நிழல் அழுத்தமாகத் தெரியும். பர்ன்-இன் நீக்கும் ஆப் எதையும் தயவுசெய்து போடாதீர்கள், அவை மிச்சமிருக்கும் நல்ல பிக்சல்களையும் தேய்க்கத்தான் செய்யும். பிரைட்னஸைக் குறைத்து, கீபோர்டுக்குக் கருப்புத் தீம் வையுங்கள். அப்புறமும் கண்ணை உறுத்தினால் பேனலை மாற்றுவதுதான் வழி.